பணத்துக்கேற்ற பணியாரமா?

பரிஸ் புறநகரான செவ்ரானில் ஒரு தமிழர் வீட்டுக்குப் புதிதாகப் பாட்டுப்பெட்டி வந்தால், பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது விலையைத்தான். நாற்பது யூரோ என்றால் "உந்தக் காசுக்கு உதுதான் வரும்" என்று உதட்டைப் பிதுக்குவார்கள். முந்நூற்றைம்பது என்றால் "பிறகென்ன, எல்லாம் இருக்கும்" என்று தலையாட்டுவார்கள். பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்க்கிறவர் அபூர்வம். பரிஸ் லாச்சப்பலில் போன் சாமான் விற்கிற கடைகளிலும் இதே சட்டம்தான்: "அண்ணை, பணத்துக்கேத்த பணியாரம்." விலை ஏறினால் வசதி ஏறும், மலிவானதில் ஏதாவது இல்லையென்றால் அந்தக் காசுக்கு அதைக் கொடுக்கக் கட்டுப்படியாகவில்லை என்று அர்த்தம். படித்தவர், படிக்காதவர், கணினித் துறையில் வேலை செய்கிறவர் எல்லோரும் இதில் ஒரே கட்சி.

இது தலைகீழான கணக்கு. வீட்டில் பாட்டு ஓடவிடுகிற கருவிகளில், வசதிகளைக் கூட்டிப் பார்த்து யாரும் விலை போடுவதில்லை. விலைதான் முதலில் வருகிறது. ஐம்பது, நூறு, இருநூறு, முந்நூற்றைம்பது என்று படிகள் கட்டப்படுகின்றன. அதன் பிறகுதான் எந்தப் படியில் எதைக் கொடுப்பது, எதைப் பிடித்துவைப்பது என்ற முடிவு. அப்படிப் பிடித்துவைப்பது பல நேரம் செய்வதற்குச் சல்லிக்காசு செலவில்லாத ஒன்றாக இருக்கும். சில நேரம் ஏற்கெனவே பெட்டிக்குள் கிடக்கிற ஒன்றாகவும் இருக்கும்.

இது புதிய தந்திரமல்ல. பிரான்சின் பாலம், சாலைப் பொறியியலாளர் ஜூல் டியூப்புயி 1849இல் இதை அப்பட்டமாக எழுதிவைத்தார். அந்தக் காலத்து ரயில்களில் மூன்றாம் வகுப்புப் பெட்டிக்குக் கூரை இருக்காது, இருக்கை வெறும் பலகை. கூரை போடச் சில ஆயிரம் ஃபிராங்க் செலவாகும் என்பதற்காகவா விட்டார்கள்? இல்லை என்றார் டியூப்புயி. இரண்டாம் வகுப்புக்குக் கொடுக்க வசதியுள்ளவன் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடக் கூடாது, அதற்காகத்தான். மழையில் நனைவது ஏழை. பயமுறுத்தப்படுவது அவனைவிடக் கொஞ்சம் காசுள்ளவன். பரிஸ் மெட்ரோவில் முதல் வகுப்பை 1991இல் ஒழித்துவிட்டார்கள். கார் து நோரிலிருந்து செவ்ரான் பொதொத் வரை இப்போது எல்லோரும் ஒன்றாகத்தான் நின்று நசுங்குகிறோம். வீட்டுக்கு வந்து பாட்டுப் போட்டால் மட்டும் வகுப்புகள் திரும்பி வந்துவிடுகின்றன.

டியூப்புயி சொன்னதைப் பொருளியலாளர்கள் டெனெக்கெரேயும் மெக்கஃபியும் 1996இல் தொழிற்சாலைப் பொருள்களுக்குப் பொருத்திக் காட்டினார்கள். அவர்கள் எடுத்த உதாரணங்களில் ஒன்று ஐபிஎம் 1990இல் விட்ட மலிவு லேசர் பிரிண்டர். விலை கூடிய பிரிண்டர் நிமிடத்துக்குப் பத்துப் பக்கம் அடிக்கும், மலிவானது ஐந்து. இரண்டுக்கும் உறுப்புகள் ஏறத்தாழ ஒன்றே. மலிவானதில் அச்சைத் தாமதப்படுத்துகிற வேலை கூடுதலாகச் சேர்க்கப்பட்டிருந்தது. அதாவது, மெதுவாக அடிக்க வைப்பதற்குத்தான் தனியாக மெனக்கெட்டிருக்கிறார்கள்.

நம் வீடுகளுக்கு வருவோம். சரிகமா நிறுவனம் 2017இல் கார்வான் என்ற பெட்டியை 5,990 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. 5000 பாட்டுகள் உள்ளேயே பதிந்து வரும். இணையம் வேண்டாம், சந்தா வேண்டாம், செயலி வேண்டாம். தமிழ்ப் பதிப்பும் வந்தது. சென்னை போய் வருகிறவர்களின் பயணப்பெட்டியில் சேலைகளுக்கு நடுவே அதுவும் பரிசுக்கு வந்து இறங்கியது. பழைய டிரான்சிஸ்டர் மாதிரித் தோற்றம், ஒரு திருகு, பாடகர் பெயர், இசையமைப்பாளர் பெயர். கண் மங்கிய அம்மா ஒருவர் விரலால் தடவியே டி.எம்.எஸ்ஸுக்கும் சுசீலாவுக்கும் போய்விடுவார். இந்த வடிவமைப்பைப் பாராட்டாமல் இருக்க முடியாது. முதியவருக்கு என்ன வேண்டும் என்று கலிபோர்னியாவில் யோசித்தவர்களைவிடக் கொல்கத்தாவில் யோசித்தவர்களுக்கு நன்றாகப் புரிந்திருக்கிறது.

பிறகு கார்வான் மினி வந்தது. விலை பாதிக்கும் குறைவு. பெட்டி சின்னது, மின்கலம் சின்னது, ஸ்பீக்கர் சின்னது. இவற்றுக்கெல்லாம் காசு குறைவது நியாயம். பாட்டு? 5000 போய்ச் சில நூறாகச் சுருங்கிவிட்டது. இதற்கும் செலவுதான் காரணமா? ஒரு பாட்டு நான்கைந்து மெகாபைட் என்று வைத்தாலும் 5000 பாட்டும் 32 ஜிபி நினைவு அட்டைக்குள் அடங்கும். அந்த அட்டை இங்கே சில்லறை விலைக்கே பத்து யூரோவுக்குள் வரும். தொழிற்சாலை மொத்த விலை என்னவாக இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். பாட்டுகளின் உரிமையும் சரிகமாவுடையது, பழைய எச்எம்வி களஞ்சியம். வேறு யாருக்கும் பாட்டுக் கணக்குப் பார்த்துக் காசு கொடுத்து உரிமை வாங்க வேண்டிய நிலையில் அது இல்லை. மினியில் 5000 பாட்டைப் போட்டால் பெரிய கார்வானை யார் வாங்குவார்கள்? கூரை இல்லாத ரயில்பெட்டி இதுதான். நியாயமாக ஒன்றும் சொல்லவேண்டும்: கார்வானின் பின்னால் யுஎஸ்பி துளை உண்டு, புளூடூத் உண்டு. குறைத்த கையே ஒரு கதவையும் திறந்துவிட்டிருக்கிறது. எல்லா நிறுவனத்துக்கும் அந்த மனம் வருவதில்லை.

சந்தாவில் இந்த விளையாட்டு இன்னும் வெளிச்சமாகத் தெரியும், ஏனென்றால் அங்கே மறைக்கப் பெட்டிகூடக் கிடையாது. சுருக்கிக் கெடுக்காத முழுத் தர ஒலியை அமேசான் 2019இல் தனி அடுக்காக விற்கத் தொடங்கியது. அமெரிக்காவில் மாதம் ஐந்து டாலர் கூடுதல். கோப்பு பெரிது, அனுப்பும் செலவு கூட, சேமிக்கும் செலவு கூட என்று கேட்டவர்களெல்லாம் தலையாட்டினார்கள். 2021 மே 17 அன்று ஆப்பிள், தன் சந்தாதாரர்களுக்கு முழுத் தர ஒலியைக் கூடுதல் காசில்லாமல் தரப்போவதாக அறிவித்தது. அதே நாள் அமேசானும் கூடுதல் கட்டணத்தை நீக்கியது. காலையில் இருந்த செலவு மாலையில் எங்கே போனது? கோப்பு சிறுத்துவிட்டதா, கம்பி அகலமாகிவிட்டதா? ஒன்றும் மாறவில்லை. பக்கத்துக் கடைக்காரன் படியை இடித்துவிட்டான், அவ்வளவுதான்.

இதற்கு எதிர்ப்பக்கம் அடுத்த ஆண்டே நடந்தது. 2022 நவம்பரில் அமேசான், பிரைம் சந்தாவோடு சும்மா வருகிற இசைச் சேவையை இருபது லட்சம் பாட்டிலிருந்து பத்துக் கோடி பாட்டாகப் பெருக்கியது. கேட்க நன்றாக இருக்கிறதல்லவா? ஆனால் வேண்டிய பாட்டைக் கேட்டு வாங்கும் உரிமையைப் பெரும்பாலும் எடுத்துவிட்டார்கள். பாடகரையோ தொகுப்பையோ சொல்லலாம், அது கலைத்துப்போட்டுத் தன் இஷ்டத்துக்கு ஏதோ ஒன்றைப் பாடும். காலையில் விளக்கேற்றிவிட்டுச் சூலமங்கலம் சகோதரிகளின் கந்தசஷ்டி கவசத்தைக் கேட்கிற ஒரு வீட்டுக்கு இது என்ன வசதி? பத்துக் கோடியில் அவர்களுக்கு வேண்டியது ஒன்று. அந்த ஒன்றைச் சொன்னபடி போடுவது கணினிக்குக் கலைத்துப் போடுவதைவிடச் சுலபமான வேலை. சுலபமானதை மறுத்துக் கடினமானதைச் செய்யவைத்திருக்கிறார்கள், முழுச் சந்தா என்ற அடுத்த படிக்கு நாம் ஏறவேண்டும் என்பதற்காக.

இனிப் பெட்டியின் பின்பக்கம். அமேசானின் எக்கோ டாட் என்ற சின்ன உருண்டையை அறியாதவர் இல்லை. பிரான்சுக்கு எக்கோ 2018இல் வந்தது. தள்ளுபடி நாள்களில் பிட்சா விலைக்கு வாங்கிய வீடுகளும் உண்டு. அதன் பின்னால், மின்சார வயருக்குப் பக்கத்தில், 3.5 மில்லிமீட்டர் ஜாக் துளை ஒன்று இருந்தது. அற்பத் துளைதான். ஆனால் அதில் ஒரு வயரைச் செருகி மறுமுனையைப் பழைய அம்ப்ளிபயரின் சிவப்பு, வெள்ளைத் துளைகளில் குத்தினால், நம்மவர்களில் முதலில் வந்து சேர்ந்தவர்கள் தொண்ணூறுகளில் பழைய சாமான் சந்தையில் தூக்கிவந்த கென்வூட்டும் டெக்னிக்ஸும் திரும்ப உயிர் பெறும். மரப்பெட்டி ஸ்பீக்கரில் தவில் அதிரும். 2022இல் வந்த ஐந்தாம் தலைமுறை எக்கோ டாட்டில் அந்தத் துளையைக் காணோம். அப்போது அந்தத் துளை வேண்டுமென்றால் அதே குடும்பத்தில் விலை கூடிய பெரிய எக்கோவுக்குப் போகவேண்டியிருந்தது. ஒரு ஜாக் துளையின் விலை என்ன என்று எந்தத் திருத்தக் கடையிலும் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள்.

அப்படியானால் ஏன் எடுத்தார்கள்? 2017 முதல் 2021 வரை அமேசானின் கருவிப் பிரிவு 2500 கோடி டாலருக்கு மேல் நட்டப்பட்டது என்று வால் ஸ்ட்ரீட் ஜர்னல் 2024இல் எழுதியது. மக்கள் கருவியை வாங்கும்போது அல்ல, பயன்படுத்தும்போது சம்பாதிக்கவேண்டும் என்பது ஜெஃப் பெசோஸ் வெளிப்படையாகவே சொல்லிவந்த கொள்கை. பயன்படுத்தினார்கள், ஆனால் சம்பாத்தியம் வரவில்லை. அலாரம் வைத்தார்கள், வானிலை கேட்டார்கள். உள்ளே என்ன கணக்குப் பார்த்தார்கள் என்பது அவர்களுக்கே வெளிச்சம். ஆனால் வெளியே நின்று பார்க்கிறவனுக்குத் தெரிவது இது: நட்டத்துக்கு விற்கிற பெட்டியில், வாங்கியவனின் பழைய அம்ப்ளிபயருக்கு வழிவிடுகிற துளை விற்பவனுக்கு எந்த லாபமும் தராது. செவ்ரான்காரருக்கு இந்த வியாபாரம் தெரியாததல்ல. 1925 முதல் 1995 வரை இந்த ஊரில் கோடாக்கின் ஃபிலிம் கழுவும் ஆலை இருந்தது. 1900இல் அந்த நிறுவனம் பிரவுனி கேமராவை ஒரு டாலருக்கு விற்றது. காசு வந்தது கேமராவிலிருந்தல்ல, 15 சதத்துக்கு விற்ற ஃபிலிம் சுருளிலிருந்தும் அதைக் கழுவிப் படம் அச்சிட்டுக் கொடுத்ததிலிருந்தும். ஆனால் பிரவுனி கேமரா தன் வேலையை முழுதாகச் செய்தது. ஃபிலிம் வாங்காத நாளில் அது எதையும் பிடுங்கிக்கொள்ளவில்லை.

மலிவில் முழு வசதி சாத்தியமே இல்லை என்று இன்னும் சொல்கிறவர்களுக்கு ஒரே ஒரு பொருளை மேசைமேல் வைக்கிறேன். கூகிளின் குரோம்காஸ்ட் ஆடியோ. 2015 இறுதியில் வந்தது, அமெரிக்காவில் 35 டாலர், இங்கே 39 யூரோ. உள்ளங்கையில் அடங்குகிற கறுப்பு வட்டு. அதிலிருந்த ஒரே துளையில் சாதாரண ஜாக்கும் நுழையும், ஒளியிழை வயரும் நுழையும். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வரை ஒலி போகும். பல அறைகளில் ஒரே பாட்டை ஒரே கணத்தில் ஓடவிடலாம். அன்றைக்கு இதே வேலையைச் செய்த சோனோஸ் நிறுவனத்தின் பெட்டி பல மடங்கு விலை. 39 யூரோவுக்கு இது நடக்குமென்றால், மற்றவர்கள் "செலவு" என்று சொன்னது என்ன? 2019 ஜனவரியில் கூகிள் அதை நிறுத்தியது. உடைந்ததால் நிறுத்தவில்லை, பிடிக்காமல் போனதால் நிறுத்தவில்லை. பழைய கையிருப்பைத் தேடி வாங்குகிறவர்கள் இன்றும் உண்டு. அந்தக் காலத்தில் கூகிள் விற்ற ஹோம் மினி ஸ்பீக்கரில் ஜாக் துளையே கிடையாது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சரி, மலிவுக்காரனுக்குத்தான் குறைக்கிறார்கள், காசுக்காரனுக்கு எல்லாம் கிடைக்கிறதே என்பீர்கள். இந்த நம்பிக்கையின் மிகப் பலவீனமான கால் இதுதான். ஆப்பிளின் ஹோம்பாட் 2018 ஜூனில் பிரான்சுக்கு வந்தபோது 349 யூரோ. அதன் பின்னால் துளை ஒன்றுமே இல்லை. ஜாக் இல்லை, ஒளியிழை இல்லை. புளூடூத் சிப் உள்ளே இருக்கிறது, நிறுவனமே தன் விவரப் பட்டியலில் புளூடூத் 5.0 என்று எழுதியிருக்கிறது. ஆனால் அதன் வழியாகப் பாட்டு அனுப்ப விடமாட்டார்கள். ஐபோனோ ஐபேடோ போன்ற ஆப்பிள் கருவி இல்லாதவர் அதை ஆரம்பத்தில் இயக்கி அமைக்கவே வழியில்லை. வாயால் கேட்டால் சந்தாச் சேவைகளில் ஆப்பிளுடையது மட்டும்தான் வந்தது. 349 யூரோ கொடுத்தவருக்கு, பத்து யூரோ சந்தைக்கடை புளூடூத் ஸ்பீக்கர் செய்கிற வேலை மறுக்கப்பட்டது. ஏறத்தாழ நூறு டாலருக்கு வந்த வீம் மினி என்ற வட்டில் ஜாக் உள்ளேயும் உண்டு, வெளியேயும் உண்டு, ஒளியிழை உண்டு, ஆப்பிளின் ஏர்ப்ளேகூட உண்டு. அதில் ஸ்பீக்கர் கிடையாதுதான். துளைகளைப் பற்றித்தான் பேசுகிறேன்.

சோனோஸ் 2023இல் கொண்டுவந்த எரா 100, எரா 300 ஸ்பீக்கர்களில் வெளியிலிருந்து வயர் கொடுக்க வேண்டுமென்றால் தனி இணைப்பி வாங்கவேண்டும். எரா 300 ஐந்நூறு யூரோ அளவில் விற்பனைக்கு வந்தது, நினைவிருக்கட்டும். பரிஸ் நிறுவனமான டெவியாலேயின் பாண்டம் ஸ்பீக்கர் வந்த புதிதில் ஒன்றின் விலையே ஆயிரத்தைந்நூறு யூரோவுக்கு மேல். இடது வலதாக இரண்டை இணைக்க வேண்டுமா, டயலாக் என்று ஒரு பெட்டியை மேலதிகக் காசுக்கு வாங்கு என்றார்கள். மலிவுப் படியில் குறைப்பது உன்னை மேலே ஏற்றுவதற்கு. உச்சிப் படியில் குறைப்பது நீ இறங்கிப் போகாமலிருப்பதற்கு. காசு கூடக் கொடுக்கிறவன் துளைக்குக் கணக்குப் பார்க்க மாட்டான் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

எதிர்த்தரப்பில் நியாயமான பேச்சு இரண்டு உண்டு. ஒன்று, நாதம். ஸ்பீக்கர் என்பது காற்றைத் தள்ளுகிற இயந்திரம். அதற்குக் கனமான காந்தம் வேண்டும், அகலமான கூம்பு வேண்டும், அதிராத பெட்டி வேண்டும். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்தில் வருகிற கும்காரம் பத்து சென்டிமீட்டர் பிளாஸ்டிக் உருண்டைக்குள்ளிருந்து வராது, எந்த மென்பொருளாலும் வரவைக்க முடியாது. இதற்குக் காசு கொடுங்கள், மறுப்பேயில்லை. ஆனால் இது ஸ்பீக்கரின் கதை, பாட்டை வலையிலிருந்து வாங்கித் தருகிற மூளையின் கதையல்ல. அந்த மூளை மலிந்துவிட்டது. 35 டாலர் ராஸ்பெரி பை பலகையில் இலவச மென்பொருளான மூட் ஏற்றினால் நேர்த்தியான பாட்டுக்கருவி தயார். வீம் நிறுவனத்தின் புரோ 149 டாலருக்கும் புரோ பிளஸ் 219 டாலருக்கும் வந்தன. மென்பொருள் ஒன்றே. கூடுதல் காசுக்கு முக்கியமாக மாறுவது எண்ணை ஒலியாக்கும் சிப்பு. ஒளியிழை வயரில் எண்ணாகவே எடுத்து அம்ப்ளிபயரிடம் கொடுக்கிறவருக்கு அந்த எழுபது டாலர் காதுக்கு எட்டவே எட்டாது.

இரண்டாவது பேச்சு, உரிமக் கட்டணமும் காப்புரிமையும். இதிலும் உண்மை உண்டு. சோனோஸ் தொடுத்த வழக்கில் அமெரிக்கச் சர்வதேச வணிக ஆணையம் 2022 ஜனவரியில் கூகிள் ஐந்து காப்புரிமைகளை மீறியதாகத் தீர்ப்புச் சொன்னதும், பல ஸ்பீக்கர்களின் ஒலியளவை ஒரே விரலால் கூட்டிக் குறைக்கிற வசதியைக் கூகிள் எடுத்துவிட்டது. விற்று, காசு வாங்கி, வீட்டுக்குள் போய்விட்ட ஸ்பீக்கர்களிலிருந்து. இது பணியாரக் கணக்கை ஆதரிக்கிற உதாரணமா? அன்று காலையில் ஒருவரும் விலையைத் திருப்பித் தரவில்லையே.

காசு கூடியது நெடுநாள் உழைக்கும் என்பது இதே நம்பிக்கையின் தம்பி. நம்மவர்களுக்கு இது கூடுதலாகப் பிடிக்கும், ஏனென்றால் எதையும் பத்து வருடத்துக்கு வாங்குகிற பழக்கம். சோனோஸ் விலை கூடிய பொருள் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. 2019இல் அது ஒரு சலுகை கொடுத்தது: பழைய ஸ்பீக்கரைச் செயலியில் மறுசுழற்சி முறைக்கு மாற்றினால் புதியதற்கு 30 சதவீதத் தள்ளுபடி. மாற்றிய 21 நாளில் அந்த ஸ்பீக்கர் நிரந்தரமாகச் செத்துவிடும். நன்றாகப் பாடிக்கொண்டிருந்தது, யாருக்காவது கொடுத்திருக்கலாம், விற்றிருக்கலாம். தள்ளுபடி என்ற விலை அதைக் கொன்றது. கூச்சல் எழுந்த பிறகு 2020இல் அதைக் கைவிட்டார்கள். அதே 2020இல் முதல் தலைமுறை ப்ளே 5 போன்ற பழைய கருவிகளுக்கு இனிப் புதிய மென்பொருள் இல்லை என்று அறிவித்தார்கள். 2024 மே மாதம் புதிய செயலி வந்தது. அலாரம் வைக்க முடியவில்லை, தூங்கும் நேரத்துக்கு நிறுத்தவும் முடியவில்லை, வீட்டுக் கணினியிலிருக்கும் பாட்டுகளைத் தேடவும் முடியவில்லை. ஆயிரக்கணக்கில் கொட்டியவர்களுக்கும் இதே கதிதான். தலைமை அதிகாரி பாட்ரிக் ஸ்பென்ஸ் 2025 ஜனவரியில் பதவி விலகினார்.

தமிழ்நாட்டு வாசகருக்கு வேர்ல்ட்ஸ்பேஸ் நினைவிருக்கும். ஏ.ஆர். ரகுமான் விளம்பரத்தில் வந்தார், தமிழுக்கென்று கே.எல். ரேடியோ இருந்தது, செய்மதியிலிருந்து விளம்பரமில்லாமல் பாட்டு இறங்கியது. நிறுவனம் 2008 அக்டோபரில் திவால் மனுக் கொடுத்தது, 2009 டிசம்பர் 31 அன்று இந்தியாவில் சேவை நின்றது. அந்தப் பெட்டி மறுநாள் காலை மேசையில் தூசு பிடிக்கிற சாமான். விலை கூடிய பெட்டி வாங்கியவருடையதும் மலிவுப் பெட்டி வாங்கியவருடையதும் ஒரே இரவில் ஊமையாயின.

இதற்கு நேர் எதிரான கதை ஸ்குவீஸ்பாக்ஸ். ஸ்லிம் டிவைசஸ் என்ற சின்ன நிறுவனம் தொடங்கியது, 2006இல் லாஜிடெக் வாங்கியது, 2012இல் உற்பத்தியை நிறுத்தியது. அந்தக் குடும்பத்தில் 2000 டாலர் டிரான்ஸ்போர்ட்டரும் இருந்தது, 200 டாலர் ஸ்குவீஸ்பாக்ஸ் ரேடியோவும் இருந்தது. லாஜிடெக் 2024இல் தன் இணையச் சேவையையும் மூடிவிட்டது. ஆனாலும் அந்த இரு பெட்டிகளும் இன்றும் பாடுகின்றன. காரணம், அவற்றை இயக்கும் சர்வர் மென்பொருள் ஆரம்பத்திலிருந்தே திறந்த மூலம். லிரியன் என்ற புதுப் பெயரில் ஆர்வலர்கள் அதை இன்னும் வளர்க்கிறார்கள், வீட்டு மூலையில் கிடக்கும் பழைய கணினியில் அது ஓடும். பத்து மடங்கு விலை வித்தியாசமுள்ள இரு பெட்டிகளுக்கும் ஒரே ஆயுள்.

நமக்கு உண்மையில் வேண்டிய வசதி எந்தப் படியில் இருக்கிறது என்றும் கேட்கவேண்டும். செவ்ரானில், லா கூர்நெவ்வில், பகலில் வீட்டில் தனியே இருக்கிறவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். பிரெஞ்சு அவ்வளவாக வராது. எக்கோவின் மொழிப் பட்டியலில் இந்தி உண்டு, தமிழ் இல்லை. ஐம்பது யூரோ எக்கோவிலும் இல்லை, இருநூறு யூரோ எக்கோவிலும் இல்லை. ஆகவே பேரப்பிள்ளை சொல்லிக்கொடுத்தபடி, பிரெஞ்சுக்காரர் வாயில் வருவதுபோல "இலாயாராழா" என்று அப்பம்மா உச்சரித்துப் பார்க்கிறார். அது வேறு யாரையோ பாடவிடுகிறது. மறுபடி சொல்கிறார், இன்னும் கொஞ்சம் பிரெஞ்சாக. எட்டு வயதுப் பேத்தி விழுந்து விழுந்து சிரிக்கிறாள். விலைப் படியில் எத்தனை ஏறினாலும் தீராத குறை இது, ஏனென்றால் அந்தப் படிகளைக் கட்டியவர்கள் எண்ணிய வாடிக்கையாளர் கூட்டத்தில் அப்பம்மா இல்லை. கார்வானின் திருகு அவரை எண்ணியது.

பிரான்சில் சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. இரண்டு வருடச் சட்ட உத்தரவாதம் எல்லாப் பொருளுக்கும் உண்டு. 2021 ஜனவரியில் போன், மடிக்கணினி, தொலைக்காட்சி, சலவை இயந்திரம் ஆகியவற்றில், பழுதானால் திருத்துவது எவ்வளவு சுலபம் என்று பத்துக்கு மதிப்பெண் போட்டு விலைக்குப் பக்கத்தில் ஒட்டவேண்டும் என்ற விதி வந்தது. பிறகு பாத்திரம் கழுவும் இயந்திரமும் தூசு உறிஞ்சியும் சேர்ந்தன. புல்வெட்டும் இயந்திரத்துக்குக்கூட மதிப்பெண் உண்டு. செவ்ரான் மாடிக் குடியிருப்புகளில் எத்தனை பேரிடம் புல்வெளி இருக்கிறது என்று தெரியவில்லை. ஸ்பீக்கரும் பாட்டுப்பெட்டியும் அந்தப் பட்டியலில் இல்லை. போ செவ்ரான் வணிக வளாகத்தில் தொலைக்காட்சிக்கு முன்னால் நிற்கிறவருக்கு விலையோடு இன்னோர் எண் தெரியும். பக்கத்து வரிசையில் ஸ்பீக்கருக்கு முன்னால் நிற்கிறவருக்கு விலை ஒன்றுதான்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் இணையப் பாதுகாப்புச் சட்டம் 2027 டிசம்பர் 11 முதல் முழுதாக நடைமுறைக்கு வருகிறது. வலையோடு இணைகிற எந்தக் கருவிக்கும் ஆதரவு எந்த மாதம், எந்த ஆண்டு முடியும் என்பதை வாங்கும்போதே வாங்குகிறவருக்குத் தெரியும்படி சொல்லவேண்டும் என்கிறது. பொதுவாக ஐந்து ஆண்டுக்குக் குறையக் கூடாது. வரவேற்கவேண்டியதுதான். ஆனால் அந்த ஆதரவு என்பது களவாணிகள் நுழையும் ஓட்டைகளை அடைப்பது மட்டும். ஜாக் துளையை எடுப்பதும், கேட்ட பாட்டை மறுத்துக் கலைத்துப் போடுவதும், அலாரத்தைத் தொலைப்பதும் அந்தச் சட்டத்தின் கண்ணில் குற்றமே இல்லை.